வெள்ளைத் தாளில் சிவப்புக் கால்கள்

கொரோனா அடங்கி, ஊர் உலகம் பழையபடி ஓட ஆரம்பித்திருந்த சமயம். பதவி உயர்வு கொடுத்த கையோடு எங்கள் வங்கி என்னைத் திருச்சியிலிருந்து கொல்கத்தாவுக்குத் தூக்கியடித்தது. கணவருக்கு மாநில அரசு வேலை, நகர முடியாது. மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளியை மாற்றி, தெரியாத பாஷைக்கு நடுவில் அவளைக் கொண்டுபோய்த் தள்ள வேண்டாம் என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்தோம். கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும் என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னவள் நான்தான். ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கியதும் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதவளும் நான்தான்.

பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஓர் அறையும் சின்ன சமையலறையும் கிடைத்தன. கீழே வீட்டுக்கார அம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், காலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். அவருடைய தம்பிக்கு ஹவுராவில் ஒரு பட்டறையில் வேலை. விடியும் முன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். தம்பிக்கு ஆறு வயதில் ஒரு மகள். அவள் அத்தையைப் 'பிஷி' என்று கூப்பிடுவாள். நான் அவரை 'தீதி' என்பேன், நம் 'அக்கா'தான். சிறுமிக்கு அம்மா இல்லை என்பது மட்டும் தெரியும். இறந்துவிட்டாரா, பிரிந்து போய்விட்டாரா என்று கேட்க எனக்கு வங்காள மொழியும் போதவில்லை, தைரியமும் போதவில்லை.

முதல் சில மாதங்கள் தினமும் மகளோடு வீடியோவில் பேசுவேன். போகப் போக அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிட்டியா என்றால் 'ம்'. ஸ்கூல்ல என்ன என்றால் 'ஒண்ணுமில்லை'. பிறகு, "சரிம்மா, வைக்கட்டுமா?" பெற்ற பிள்ளைக்கு நான் மெல்ல மெல்ல ஒரு தூரத்துச் சொந்தமாக ஆகிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் எவ்வளவோ பேரைப் பேசியே வழிக்குக் கொண்டு வருகிறவள், எட்டு வயதுப் பிள்ளையை இரண்டு நிமிடம் போனில் நிறுத்தி வைக்கத் தெரியாமல் முழித்தேன்.

என்னைக் காப்பாற்றியது அவளுடைய பள்ளியில் சொல்லிக் கொடுத்த ஒரு படம். வரைவதே இல்லை, இழுப்பதுதான். தாளின் ஓர் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வண்ணத்தை வைத்து, ஓர் அட்டையைச் சாய்த்துப் பிடித்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. சொட்டெல்லாம் பட்டை பட்டையாக நீண்டு, ஒன்றோடொன்று கலந்து, நாம் நினைக்காத ஒரு படம் வந்து நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து, எனக்கும் சொல்லிக் கொடு என்றேன். அவ்வளவுதான், டீச்சராகிவிட்டாள்.

"பெயின்ட் இல்லையா? மைதாவைக் கஞ்சி காய்ச்சுங்கம்மா, அதுல கலர் போடுங்க. ஐயோ, அப்படி அழுத்தாதீங்க. மெதுவா, ஒரே மாதிரி இழுங்க."

சமையலறையிலேயே எல்லாம் இருந்தது. மஞ்சள் தூள், துணிக்குப் போடும் நீலம், பீட்ரூட் சாறு, அடியில் தங்கிய காபி டிகாக்‌ஷன். இழுப்பதற்கு எங்கள் வீட்டுப் பழைய ஏடிஎம் கார்டுகள். வங்கிக்காரி வீட்டில் காலாவதியான கார்டுக்கா பஞ்சம்? கார்டு முடிந்ததும் இரண்டாக நறுக்கிவிடுவது எங்கள் தொழில் புத்தி. அந்த அரைக் கார்டு சின்னக் கைக்கு அளவாக இருக்கும். ஓரத்தில் கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டிவிட்டால், சீப்பால் வாரியதுபோல் கோடு விழும். ஞாயிறு காலையில் அவள் அங்கே இழுப்பாள், நான் இங்கே இழுப்பேன், இரண்டு படத்தையும் போனுக்கு முன் தூக்கிக் காட்டிக்கொள்வோம். வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டுச் சிறுமி இந்தக் கூத்தைக் கதவோரம் நின்று பார்த்தாள். மறுவாரம் வாசற்படியில் உட்கார்ந்தாள். அதற்கு மறுவாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து கார்டைக் கேட்டு வாங்கிவிட்டாள். என்னை 'மாஷி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அம்மாவின் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகவே கொடுத்த உறவு அது, எனக்குச் சர்க்கரையாக இனித்தது.

அதற்குள் திருச்சியில் ஞாயிறுகள் தவற ஆரம்பித்தன. ஒரு வாரம் தோழியின் பிறந்தநாள். ஒரு வாரம் நாட்டிய வகுப்பு. ஒரு வாரம் சும்மா, மூட் இல்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நான் காத்திருப்பேன். பக்கத்தில் இந்தச் சிறுமி வண்ணத்தைக் குழைத்தபடி, இன்னும் அக்கா வரலையா என்று கேட்பாள். வரமாட்டாள் என்று தெரிந்ததும் நாங்கள் இருவரும் ஆரம்பிப்போம். முடிந்ததும் அவள் தலையை வாரி, இறுக்கி இரட்டைச் சடை போட்டுவிடுவேன். என் மகளுக்குப் போடுகிற அதே சடை. கை தன் பாட்டுக்குப் பின்னும். மனசு எங்கே இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீழ்வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்ட ஒரு சட்டம் மாட்டியிருக்கும். வெள்ளைத் தாளில் சிவப்பாக இரண்டு பாதங்கள், மேலே பூமாலை. நம்மூரில் கிருஷ்ணர் பாதம் போடுவதுபோல் இங்கே லட்சுமி பாதம் போடுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதுதான் இது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். தீதி பார்த்து லேசாகத் தலையை ஆட்டுவார். பக்தியை மெச்சுகிறார் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த வருடம் கோகுலாஷ்டமி வந்தது. எங்கள் வீட்டில் அன்று பிள்ளையின் காலையே மாவுக்கரைசலில் தோய்த்து, வாசலிலிருந்து பூஜை அறை வரை நடக்க விடுவோம். மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை. நான் சீடை உருட்டியபடியே அந்தச் சின்னக் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று காலையிலேயே போன் போட்டு, நீ நடந்து வர்றதை அப்பாவை வீடியோ எடுக்கச் சொல்லு என்று ஆசையாகக் கேட்டேன்.

"போங்கம்மா, நான் என்ன பாப்பாவா? காலெல்லாம் பெருசாயிடுச்சு. பாட்டியே கையால போட்டுட்டாங்க. வைக்கட்டுமா?"

குழந்தை நியாயமாகத்தான் சொன்னது. எனக்குத்தான் தாங்கவில்லை. தனி ஆளுக்கு எதற்கு என்ற சலிப்பில் நான் அரிசிகூட ஊறப்போட்டிருக்கவில்லை. விடுமுறை நாள், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சிறுமி மேலே வந்தாள். சரி, படமாவது இழுப்போம் என்று தட்டுகளை எடுத்து வைத்தேன். பீட்ரூட் தீர்ந்துபோயிருந்தது. சிவப்புக்காக, பெண்கள் பாதத்தில் தீட்டிக்கொள்ளும் ஆல்தாவைப் பூஜைச் சாமான் கடையில் வாங்கி வைத்திருந்தேன். நம் கல்யாணத்தில் நலங்கு வைக்கிற சிவப்பு, இங்கே பாட்டிலில் கிடைக்கும். அதைத் தட்டில் ஊற்றியதும், என் புத்தி எங்கள் வீட்டு வாசலில் நடந்த சின்னக் கால்களில் போய் நின்றது.

ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்தேன். அவள் காலைத் தட்டில் வைக்கச் சொல்லி, தாளின் மேல் ஏறி நடக்கச் சொன்னேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பலாம், பார்த்தால் அவளுக்கும் ஆசை வராதா என்ற எண்ணம். பிள்ளைகள் இந்த மாதிரி வேலையில் குதிக்கும், சறுக்கும். இவள் நடக்கவே இல்லை. இரண்டு காலையும் ஒட்டினாற்போல் சேர்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாக இறங்கி, உட்கார்ந்து, பதிந்த கால்களையே பார்த்தாள். எவ்வளவு சமர்த்து என்று நான் அவள் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது தீதி படியேறி வந்தார். அன்றைக்கென்று அவர்கள் வீட்டில் பனம்பழக் கூழில் சுடும் பணியாரத்தை எனக்காகக் கிண்ணத்தில் எடுத்து வந்திருந்தார்.

தாளைப் பார்த்தார். கிண்ணம் கையிலிருந்து நழுவியது.

"ஏ கீ கோரேச்சோ!" என்றார். என்ன காரியம் செய்திருக்கிறாய் என்று அர்த்தம். அப்படி ஒரு குரல் அவரிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. சிறுமியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி, தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆல்தா அவ்வளவு சீக்கிரம் போகுமா? குழந்தை வலியில் அழுதது. நான் ஓடிப்போய்த் தடுத்தேன். பாதி வங்காளத்திலும் பாதி இந்தியிலும் அவர் கொட்டியதில் எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! நித்தம் வந்து கும்பிடுறியே, அது யாரு காலு? இவளைப் பெத்தவ காலு. செத்துப் போனவங்க காலைத்தான் இப்படித் தாள்ல எடுப்போம். உசுரோட இருக்கிற பிள்ளை காலை எடுத்து வச்சிருக்கியே!"

தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். தரையெல்லாம் பணியாரம் சிதறிக் கிடந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போதுதான் அந்தச் சிறுமி ஏன் அப்படி அசையாமல் நின்றாள் என்பது எனக்கு உறைத்தது. தினமும் பார்க்கிற அந்தச் சட்டத்தில் இருப்பதுபோலவே நின்றிருக்கிறாள். அம்மா என்று அவளுக்குத் தெரிந்தது அந்த இரண்டு பாதம் மட்டும்தான்.

அந்த வாரம் அவள் மேலே வரவில்லை. நான் அலுவலகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் கீழ்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்க இரண்டொரு முறை கையைத் தூக்கிவிட்டு, தட்டாமல் மாடியேறினேன். அடுத்த ஞாயிறு போனில் மகளும் வரவில்லை, பக்கத்தில் இவளும் இல்லை. பழக்கதோஷத்தில் மைதாக் கஞ்சி மட்டும் காய்ச்சி வைத்திருந்தேன். அங்கே என் பிள்ளைக்கு நான் வேண்டாம், இங்கே இந்தப் பிள்ளையையும் பறிகொடுத்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படியில் செருப்புச் சத்தம். தீதி. கையில் அந்தச் சுருட்டிய தாள். அவர் சேலைக்குப் பின்னால் ஒரு சடை தெரிந்தது. சண்டை போடத்தான் வந்திருக்கிறார், வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து தாளை விரித்தார். மூலைகளை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"கிழிக்க உக்காந்தேன், கை வரல. இவ காலாச்சே. கங்கையில விடலாம்னு படித்துறை வரைக்கும் போனேன். இவ அம்மா சாம்பலை அங்கதான் விட்டோம். அதே தண்ணியில இதை எப்படி விடுவேன்? வச்சிக்கவும் பயமா இருக்கு. நீயே சொல்லு, இதை என்ன பண்றது?"

படித்த படிப்பும் பார்த்த உத்தியோகமும் இந்தக் கேள்விக்கு முன்னால் எந்த மூலைக்கு? அடுப்பு மேல் கஞ்சி இருந்தது. அதை இறக்கி மஞ்சளைக் கலந்தேன், இன்னொரு கிண்ணத்தில் நீலத்தைக் கலந்தேன். தாளின் மேல் ஓரத்தில் வரிசையாகச் சொட்டு வைத்தேன். என்ன செய்யப் போகிறோம் என்று சிறுமிக்குத்தான் முதலில் புரிந்தது. ஓடிப்போய் அரைக் கார்டை எடுத்து வந்தாள். தீதி அவளிடமிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"நானே பண்றேன்," என்றார்.

அவருக்குப் பழக்கமில்லை. கார்டை நேராகப் பிடித்தார், அழுத்தினார், பாதியில் நின்றார். அழுத்தாதே பிஷி, மெதுவா, ஒரே மாதிரி இழு என்று சிறுமி சொன்னாள். என் மகள் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள் என்னைத் தாண்டி வங்காளத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. மஞ்சள் குதிகாலைத் தொட்டது. ஈரம் பட்டதும் காய்ந்திருந்த ஆல்தா இளகி அதோடு கலந்தது. குதிகால் போனது, நடுப்பாதம் போனது, விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டு கோடுகளாயின. கார்டு கீழ் ஓரத்துக்கு வந்தபோது தாளில் கால் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆரஞ்சும் சிவப்புமாக நீளநீளமாகப் பட்டைகள், நடுநடுவே கொஞ்சம் நீலம்.

சிறுமியின் முகம் சுருங்கிவிட்டது. என் கால் எங்கே போச்சு என்று உதட்டைப் பிதுக்கினாள்.

தீதி அவளை இழுத்து மடியில் போட்டு, அவள் காலைக் கையில் பிடித்துக்கொண்டார். விரலிடுக்கில் இன்னும் லேசாகச் சிவப்பு இருந்தது. பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அவ காலை நான்தான் பிடிச்சு எடுத்தேன். தம்பியால முடியல. இவ அப்ப தவழ்ந்துட்டிருந்தா. சில்லுன்னு இருந்துச்சு அந்தக் காலு, இன்னமும் என் கையில இருக்கு அந்தச் சில்லிப்பு. அன்னிக்கு இவ காலை அந்தத் தாள்ல பார்த்ததும்..." என் கையைப் பிடித்து இழுத்துச் சிறுமியின் பாதத்தின் மேல் வைத்தார். "பாரு, எப்படிச் சூடா இருக்கு."

சூடாகத்தான் இருந்தது. கூசியதால் அவள் நெளிந்தாள், சிரித்தாள். தீதி அவளை மடியிலிருந்து இறக்கி முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"உன் காலு எங்கயும் போகல. உங்கிட்டத்தான் இருக்கு. ஓடு!"

அவள் ஓடினாள். மரப்படியில் தடதடவென்று இறங்கி, கூடத்தைக் கடந்து, தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிற வரை அந்தச் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. தீதி சேலைத் தலைப்பால் முதலில் என் முகத்தைத் துடைத்துவிட்டு, பிறகு தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெரியாமல் செய்துவிட்டேன் தீதி என்றேன். தெரியாமத்தான் நித்தம் கும்பிட்டியா என்று கேட்டார். ஆமாம் என்று அசடு வழிந்தேன். அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். பரவாயில்லை, அதை மட்டும் நிறுத்தாதே என்றார்.

அவர் போன பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன். கணவர்தான் எடுத்தார்.

"அவ தெருவுல சைக்கிள் விட்டுட்டிருக்கா. கூப்பிடட்டா?"

வழக்கமாக இந்தப் பதிலுக்கு எனக்கு முகம் சுண்டிப்போகும். ஒரு நிமிஷம் அம்மாவோட பேச முடியலையா அவளுக்கு என்று அவரிடம் எரிந்து விழுவேன். அன்று வாயில் வேறு வார்த்தை வந்தது.

"வேண்டாங்க, ஓட்டட்டும். போனைக் கொஞ்சம் வாசப் பக்கமா பிடிங்க, போதும்."

சைக்கிள் மணி கேட்டது. யாரையோ நகரச் சொல்லி அவள் அதட்டுவது கேட்டது. அம்மா என்று அவள் கூப்பிடவில்லை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அத்தனை மாதத்தில் அவள் எனக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. தொட்டுவிட வேண்டும்போல் ஏக்கமாக இருந்தது, கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தப் படம் எங்கே என்று கேட்காதீர்கள். மைதாப் பசை, அதுவும் கொல்கத்தா மழைக்காலம், சில வாரங்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. தீதி கொஞ்சமும் வருத்தப்படாமல் மற்ற குப்பையோடு அதையும் எடுத்துப் போட்டார். சிறுமி மறுபடி ஞாயிறுதோறும் மேலே வந்தாள். நான் மாற்றலாகிக் கிளம்பியபோது அவள் டாலிகஞ்சில் ஒரு உறவுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள், சொல்லிக்கொண்டுகூட வர முடியவில்லை. மாஷி என்று யாரோ கூப்பிடுவதுபோல் இப்போதும் சில சமயம் திரும்பிப் பார்க்கிறேன்.

திருச்சிக்கு வந்து சேர்ந்தும் மகள் என் கைக்கு அகப்படவில்லை. என் தோளுக்கு வளர்ந்து நிற்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் என்னோடு உட்கார அவளுக்கு நேரம் கிடையாது. 'வர்றேன்மா' என்ற குரல் வரும், நான் நிமிர்வதற்குள் வாசற்படியைத் தாண்டியிருப்பாள். இங்கேயே இருக்கிற பிள்ளைக்காகவும் அங்கேயே விட்டு வந்த பிள்ளைக்காகவும் நான் இன்னமும் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பிள்ளை நம்மை விட்டு ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி இப்படி ஏங்குவதுகூடக் கொடுத்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.